கேட்கக் கற்பிப்பதே கல்வி
(தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1982 மார்ச்சுத் திங்களில், குமரி மாவட்டம் மண்டைக்காட்டில், அம்மன் கோயில் மாசித் திருவிழாவின்போது மூண்ட பூசல் பெருங்கலவரமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் வீழ்ந்தன. ஒருபால் இந்துக்கள், மறுபால் கிறித்தவர். இருபாலார்க்கும் தாய்மொழி தமிழே! மாண்டவர்க்காக அழுத தாய்மார் அரற்றியதும் தமிழில்தானே!

ஆங்குச் சென்று, இருதிறத்தாரிடமும் பேசி, அமைதிக்கு உழைத்தார் குன்றக்குடி அடிகளார். போற்றத்தக்க தொண்டு அது. ஆயினும், குருதி சிந்திய பின் கூடும் அவை மாண்டவரை மீட்டுத் தருமா? வெள்ளம் வருமுன்னன்றோ அணை கோல வேண்டும்!

அவ்வணையைத் தமிழன் முன்பே அறிந்திருந்தான். மணிமேகலையிற் புகார் நகர விழாமுரசு, பல்வேறு சமயவாணரையும் பட்டிமண்டபம் ஏறி உரையாட அழைக்கின்றது. பகைவரோடும் பூசலிடாது விலகுக என்றும் அதே முரசு அறைகின்றது. வஞ்சி மாநகரில் மணிமேகலை பதின்மர் கொள்கைகளைக் கேட்கிறாள். கேட்டதனால் அவள் நெறி கெட்டாளா? இல்லை! ஆய்ந்து, தான் தேர்ந்த புத்த நெறியிலேயே உறுதி பெற்றாள். பிறர் சமயத்தைக் கேட்பது தன் சமயத்தைக் கைவிடுவதன்று.

இக்கேள்விப் பயிற்சிக்கு உரிய இடம் பள்ளி. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால், தமிழ்நாட்டு வயல்களும் வளமுமே அங்குக் காட்சி தருகின்றன. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் சூசையப்பர் வரலாற்றைத் தேம்பாவணியாக்கினார். கிறித்தவப் பாதிரியார் போப்பு, 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். இவற்றைத் தேர்வுக்கு நெட்டுருப் போட்டு மறப்பதால் யாது பயன்?

ஒவ்வொரு பள்ளித் தமிழ்மன்றமும் திங்களுக்கொரு முறை கூடட்டும். சைவ மாணவன் சீறாவை விளக்கட்டும். இசுலாமிய மாணவன் தேம்பாவணியை விளக்கட்டும். கிறித்தவ மாணவி திருவாசகத்தை விளக்கட்டும். அந்நெறிக்குரிய மாணவர் எழுந்து, "ஆம், எங்கள் கொள்கையைச் செவ்வனே சொன்னாய்" என்று ஒப்பும்வரை அவ்விளக்கம் முற்றுப்பெறலாகாது.

வெறியூட்டுவோன் முதலில் தேடுவது அறியாமையை. பக்கத்து இருக்கைத் தோழனின் வழிபாட்டை அவன் வாயாலேயே கேட்டறிந்த பிள்ளையிடம், "அவன் உன் பகைவன்" என்னும் பொய் எளிதில் விலைபோகாது. ஆசிரியர்களே, பெற்றோர்களே! அடுத்த கலவரம் வரும்வரை காத்திராதீர்கள். நம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்பித்தோம்; இனிக் கேட்கவும் கற்பிப்போம்!

வாழ்க தமிழ்! ஓங்குக ஒற்றுமை!