ரப்பர் விலையும் நாம் வந்த கப்பலும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் கிளைக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "வங்காளதேசத்தானைச் சங்கத்தில் சேர்த்தால் நான் சந்தாவை நிறுத்திவிடுவேன்" என்றார். பலர் கை தட்டினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குப் போன பிறகு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இன்று பேசச் சிறிது நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாம் இந்த நாட்டுக்கு வந்தது எப்படி? 1907-இல் சர்க்கார் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. தோட்ட முதலாளிமார் அதற்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் கங்காணிகள் ஊர் ஊராய்ப் போய் ஆள் சேர்த்தார்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இலவச டிக்கெட்டில் கப்பலேறினார்கள். பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், வந்து இறங்கினார்கள். மரம் வெட்டக் கை வேண்டியிருந்தது, கதவு திறந்திருந்தது.

1930-இல் ரப்பர் விலை விழுந்தது. ஆள் சேர்ப்பது நின்றது. அது மட்டுமா? நம்மை ஏற்றி வந்த அதே நிதிதான் திருப்பி அனுப்பவும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது! சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். ஐம்பது காசாக இருந்த நாட்கூலி முப்பதுக்கும் கீழே போயிற்று. 1934-இல் ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து விலை ஏறியது. மறுபடியும் ஆள் தேவை, மறுபடியும் கப்பல்!

அந்த நாளில் சீனருக்கு வேறு சட்டம். 1933-இல் அந்நியர் சட்டம் வந்து, மாதத்துக்கு இத்தனை ஆண்கள்தான் இறங்கலாம் என்று கணக்கு வைத்தது. நாம் பிரிட்டிஷ் பிரஜைகள், நமக்கு அந்தச் சட்டம் இல்லை. அதை நம்மேல் வைத்த பாசம் என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு. சீனர் கூலியை உயர்த்திக் கேட்டால் எதிரே நிறுத்த நாம் தேவைப்பட்டோம்! 1938-இல் கூலியைக் குறைத்தபோது, ஜூன் 15 முதல் இந்திய சர்க்காரே நிதி உதவியோடு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது.

1941-இல் இதே கிள்ளானில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. "வந்தவன்தானே, அனுப்பிவிடு" என்பது ஆள்பவன் கையில் சாட்டையைப் போல் இருந்தது.

1953-இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்து, தாராளமாக வந்துபோன காலம் முடிந்தது. 1957-இல் மெர்டேக்கா. முன்பே வந்து தங்கியவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும். எத்தனை பேர் போட்டார்கள்? லயத்துக்கு வந்து விளக்கிச் சொன்னவர் எத்தனை பேர்? பிறகு 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவருக்கு வேலை பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை.

அப்போது நான் இளங்கிராணி. யுத்தத்துக்கு முன்பிருந்து பால் வெட்டிய ஒரு பெரியவரின் பெயரைச் செக்ரோலில் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். அவர் கோபப்படவில்லை. "கிராணி ஐயா, நான் நட்ட மரமா என்னைப் போகச் சொல்லுது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கிழவனும் கிழவியும் கப்பலேறினார்கள். கட்டிக்கொடுத்த மகள் இங்கேயே நின்றுவிட்டாள். அப்படிப் போனவர்கள் பல்லாயிரம் பேர்.

இன்று செம்பனைக் காட்டில் குலை அறுப்பவர் யார்? இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளத்தார். நம் பிள்ளைகள் அவர்களை "வந்தேறி" என்கிறார்கள். அந்தச் சொல்லை நம்மைப் பார்த்துச் சொன்னபோது எப்படிச் சுட்டது! பிரிக்பீல்ட்ஸில் முடிதிருத்தும் கடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் விடவில்லையே என்று பல வருஷம் மனு மேல் மனு போட்டவர்களும் நாம்தான்.

அந்தத் தம்பி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் குறைந்த கூலிக்கு இசைவதால் நம் கூலி இறங்குகிறது. மெய்தான். ஏன் இசைகிறார்கள்? ஏஜெண்டுக்குக் கடன்; பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். அப்படிப் பூட்டி வைப்பது சட்டப்படி குற்றம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நம் பாட்டனும் கங்காணிக் கடனில் கிடந்துதான் குறைந்த கூலிக்கு இசைந்தான். சங்கத்துக்கு வெளியே நிற்பவனைக் காட்டித்தான் உள்ளே இருப்பவனின் கூலியைக் குறைக்க முடியும். அவர்கள் உறுப்பினராவதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது நம் கை தட்டல்தான்.

கிளைச் செயலாளரின் மேசையில் ஏழு விண்ணப்பங்கள் இரண்டு மாதமாகக் கிடக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவற்றை முதல் விஷயமாக எடுக்க வேண்டுமென்று முன்மொழிகிறேன். அந்தத் தம்பியே வழிமொழிந்தால் எனக்கு மகிழ்ச்சி.