புற்றுநோய்ச் சிகிச்சையும் நோயாளியின் உணவும்

(உரையின் எழுத்து வடிவம்)

புற்றுநோய்க்கு எதிரான போராட்டம் மருத்துவமனையில் மட்டும் நடைபெறுவதில்லை. அதன் ஒரு பகுதி வீட்டுச் சமையலறையில் நடைபெறுகிறது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றையும் தாங்கும் வலிமை உடலுக்கு இருந்தால்தான் சிகிச்சை குறித்த காலத்தில் முழுமை பெறும். எடை பெரிதும் குறைந்த நோயாளிக்கு மருந்தின் அளவைக் குறைக்கவோ, அடுத்த தவணையைத் தள்ளிப்போடவோ நேரிடலாம். எனவே உணவு என்பது சிகிச்சைக்குத் துணை அன்று. அதன் ஓர் உறுப்பு.

தொழில் நகரின் நிலை

புனேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில், பழைய மும்பை-புனே நெடுஞ்சாலையில் அமைந்தது நிக்டி. 1972-இல் நிறுவப்பட்ட புதுநகர் வளர்ச்சி ஆணையம் இப்பகுதியில் குடியிருப்புகளை உருவாக்கியது. சுற்றிலுமுள்ள ஆலைகளை நாடிப் பல மாநிலத்தவரும் இங்கு வந்து குடியேறினர். இத்தகைய ஊரில் ஒரு தொழிலாளிக்கு வாய்ப்புற்றுநோய் கண்டால், அவர் பிம்ப்ரியிலோ புனேயிலோ சிகிச்சை பெறலாம். அல்லது 1941-இல் தொடங்கப்பெற்ற மும்பை டாடா நினைவு மருத்துவமனையை நாடலாம். எங்குச் சென்றாலும் மருந்துத் தவணைகளுக்கு இடைப்பட்ட நாள்களைப் பெரும்பாலும் அவர் வீட்டிலேயே கழிக்கிறார். அந்நாள்களில் அவர் எதை, எவ்வளவு உண்கிறார் என்பதைக் கவனிக்கும் பொறுப்பு குடும்பத்தின்மீது விழுகிறது.

இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. புகையிலையே இதன் தலையாய காரணம். மெல்லவும் விழுங்கவும் உதவும் உறுப்புகளையே இந்நோய் தாக்குவதால், உணவுச் சிக்கல் இங்குக் கடுமையாகிறது.

தேவையின் அளவு

சிகிச்சைக் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்பது மருத்துவ உணவியலாரின் பொதுவான வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 1,250 முதல் 1,500 கலோரியும் 50 முதல் 75 கிராம் புரதமும் ஆகும்.

இதற்கு விலையுயர்ந்த சத்துமாவுகள் கட்டாயமில்லை. அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம் புரதம் உண்டு; இரண்டு முட்டைகளில் 12 கிராம்; 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம்; 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம். 200 கிராம் அரிசி அல்லது சோளத்திலிருந்து மேலும் 15 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். ஆகத் தெருக்கோடி மளிகைக் கடைப் பொருள்களைக் கொண்டே 60 கிராமை எட்டலாம். முட்டை உண்ணாதோர் தயிர், சோயா, பருப்பு ஆகியவற்றை மிகுத்துக்கொள்ளலாம்.

உண்ணும் முறை

கதிர்வீச்சினால் வாய் புண்ணாகி உலர்ந்த நிலையில், மராட்டியரின் அன்றாட உணவான சோள பாக்ரி தொண்டையில் இறங்காது. அதைப் பாலிலோ பருப்பிலோ ஊறவைத்துப் பிசைந்து தரலாம். தமிழ்க் குடும்பங்களில் குழைந்த சாதமும், சாம்பாரில் ஊறிய இட்டிலியும், கேழ்வரகுக் கஞ்சியும் ஏற்றவை. காரம், புளிப்பு, மிகுந்த சூடு ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கஞ்சியில் பாலும் நெய்யும் சேர்த்தால் சிறிய அளவிலேயே சத்துக் கூடும்.

குமட்டல் உள்ளவர் மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆறிய உணவில் மணம் குறைவாதலால் வெறுப்பும் குறையும். வெள்ளணுக்கள் குறையும் காலத்தில் தூய்மை முதன்மை பெறுகிறது: காய்ச்சிய பால், கொதித்தாறிய நீர், நன்கு வெந்த முட்டை, புதிதாகச் சமைத்த உணவு ஆகியவையே பாதுகாப்பானவை. முளைகட்டிய பயற்றையும் வேகவைத்தே உண்ண வேண்டும்.

வாயில் வெண்படலமாகத் தோன்றும் பூஞ்சைத் தொற்றும் உண்பதற்குத் தடையாகும். அதை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். இத்தொற்றுக்குப் பயன்பட்ட ‘ஹாமைசின்’ என்னும் மருந்து, நிக்டிக்கு அண்மையிலுள்ள பிம்ப்ரியில் 1954-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸின் ஆய்வுக்கூடத்திலேயே கண்டறியப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவ்வாய்வுக்குத் தலைமை தாங்கிய எம். ஜே. திருமலாச்சார் 1967-ஆம் ஆண்டின் பட்நாகர் விருதைப் பெற்றார்.

தவறான பத்தியம்

நோயை விரட்டப் பட்டினி கிடத்தல், பாலையும் முட்டையையும் அறவே நீக்குதல், பழச்சாறு மட்டும் அருந்துதல் ஆகியவை அன்பின் பெயரால் நேரும் கேடுகள். உணவைக் குறைத்தால் கட்டி மெலிவதில்லை; நோயாளியே மெலிகிறார். மூலிகைச் சாறுகளும் சூரணங்களும் மருந்தின் செயலில் குறுக்கிடக்கூடும். மருத்துவர் அறியாமல் அவற்றை உட்கொள்ளலாகாது. நீரிழிவோ சிறுநீரக நோயோ உடையவர்கள் மேற்கூறிய அளவுகளை மருத்துவரைக் கேட்டே பின்பற்ற வேண்டும். வாய்வழி உண்ண இயலாதபோது மூக்குவழிக் குழாய் பொருத்துவதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. அது சிகிச்சையைத் தொடர உதவும் வழியே.

அரசின் பணி

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆயினும் நோயாளி வீட்டிலிருந்து உண்ணும் நாள்களின் செலவு குடும்பத்தையே சாரும்; வருவாய் நின்றுபோகும் காலமும் அதுவே. காசநோயைப் பொறுத்தவரை, ‘நிக்ஷய் போஷண்’ திட்டம் 2018 முதல் நோயாளியின் உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உணவும் சிகிச்சையே என்ற கொள்கையை அரசு அங்கு ஏற்றுக்கொண்டுள்ளது. புற்றுநோயாளிக்கும் அக்கொள்கை பொருந்தும்.

இதற்கான முதற்படி எளியது. ஒவ்வொரு தவணையின்போதும் நோயாளியை எடைபோட்டு, அவர் உண்பதை விசாரித்து, மருந்துச் சீட்டிலேயே உணவையும் எழுதித் தரலாம். எடை இறங்கத் தொடங்கும்போதே அதை அறிந்து ஈடுசெய்வது, இறங்கிய பின் மீட்பதைவிட எளிது; செலவும் குறைவு.