குடிக்கூலி வீடும் சொந்த வீடும்

(வில்லியனூரில், புதிதாய்க் குடித்தனம் துவங்கும் வாலிபர்களும் பெண்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயமானது, புதிதாய்க் குடித்தனம் வைக்கிறவர்கள் குடிக்கூலிக்கு இருப்பதா, அல்லது கடன் வாங்கியாவது சொந்தத்தில் வீடு வாங்குவதா என்பதாகும். இதில் சுயமரியாதைக்காரருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். கலியாணத்தில் புரோகிதம் வேண்டாம் என்றோம். சாவில் திதி வேண்டாம் என்றோம். இவ்விரண்டுக்கும் நடுவில் மனிதன் ஆயுள் முழுவதும் குடியிருக்கிற வீட்டு விஷயத்தில் மாத்திரம் ஜோசியனும், தரகனும், ஜாதிக்காரனும் சொன்னபடி நடப்பதென்றால், முன் சொன்ன இரண்டினாலும் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறேன்.

முதலாவது, “வாடகைக்குக் குடியிருப்பது கேவலம்” என்கின்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் கிராமத்துக் கூலிக்காரன் குடிசை போட்டிருந்த மனை பண்ணைக்காரனுடையதாய் இருந்தது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக் கொண்டு போக வேண்டியதுதான். அப்படிப்பட்டவனுக்குத் தன் பேரில் இரண்டு குழி மனையும் ஒரு பட்டாவும் கிடைப்பதென்பது சொத்து மாத்திரமல்ல, அதுவே மானமாகும். இன்றைக்கும் மனையில்லாத ஏழைக்கு மனைப்பட்டாவும், சர்க்கார் கல்வீட்டு உதவியும் கிடைக்குமானால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுவேன். அது வேறு சங்கதி.

ஆனால் மாதச் சம்பளக்காரன் ஊரார் மெச்ச வேண்டுமென்று தகுதிக்கு மேல் கடன் வாங்கி வீடு கட்டுவது, பண்ணைக்காரனிடமிருந்து தப்பி பாங்கிக்காரனிடம் அகப்பட்டுக்கொள்வதேயாகும். பண்ணைக்காரனுக்காவது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலாம். மாதம் 5-ந் தேதி தவணை கட்ட வேண்டியவன் முதலாளியை எதிர்த்து எப்படிப் பேசுவான்? சங்கத்தில் எப்படிச் சேருவான்? வேலை நிறுத்தத்தில் எப்படி நிற்பான்?

தோழர்களே! கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்கு ஜாதியும் இல்லை, ராகுகாலமும் இல்லை. ஒரு பேச்சுக்கு, வீட்டின் விலை 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையில் 5 லட்சம் இருக்கிறது. 20 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 9. தவணைக் காலம் 20 வருஷம். மாதத் தவணை சுமார் 18,000 ரூபாய் ஆகும். முதல் மாதம் கட்டுகிற 18,000-த்தில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 3,000 ரூபாய்தான். ஐந்து வருஷத்தில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம். அசலில் கழிந்திருப்பது சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம். 20 வருஷமும் முடிகிறபோது 20 லட்சத்துக்குச் சுமார் 43 லட்சம் கட்டியிருப்பீர்கள். “தவணையைக் குறைத்துக்கொள், 30 வருஷமாக்கிக்கொள்” என்பான் தரகன். அப்போது தவணை சுமார் 16,100 ஆகும். மாதம் 1,900 குறைந்ததென்று சந்தோஷப்படுவீர்கள். மொத்தம் கட்டுவது சுமார் 58 லட்சம் ஆகிவிடும்.

அதே வீட்டை 8,000 ரூபாய் குடிக்கூலிக்கு எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கும் குடிக்கூலிக்கும் உள்ள வித்தியாசம் 10,000. அதை மாதந்தவறாமல் சேர்த்தால் ஐந்து வருஷத்தில் 6 லட்சம். முன்பிருந்த 5 லட்சத்தோடு 11 லட்சம், வட்டி நீங்கலாக. “குடிக்கூலி கொடுப்பது ஆற்றில் கரைத்த புளி” என்கிறவர்கள், வட்டி கொடுப்பது மாத்திரம் எந்தச் சட்டியில் குழம்பாகிறது என்று சொல்ல வேண்டும்.

“குடிக்கூலியும் வருஷா வருஷம் ஏறுகிறதே, மனை விலையும் ஏறுகிறதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏறத்தான் செய்கிறது. ஆகவேதான் குடிக்கூலியே எப்போதும் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. மிச்சப்படுகிற பணத்தைச் சேர்க்காமல் சினிமாவுக்கும் சீட்டுக்கும் நகைக்கும் செலவிடுகிறவனுக்குக் குடிக்கூலி வீடு நஷ்டமே. அப்படிப்பட்டவனுக்குத் தவணை ஒரு கட்டாயச் சேமிப்பாகும். பத்து, பதினைந்து வருஷம் ஒரே ஊரில் ஒரே வேலையில் இருப்போம் என்கின்ற நிச்சயமுள்ளவனுக்குச் சொந்த வீடு லாபமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நிச்சயம் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம்முடைய புதுச்சேரியில் ரோடியர் மில் என்று பேர்பெற்ற ஏ.எஃப்.டி. மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். 1898-ல் துவங்கியது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. “மில் வேலை, இனி கவலையில்லை” என்று பெண் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மில்லே 2020-ல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன்பும் எத்தனையோ வருஷம் நோயாளி போல் கிடந்தது. இன்று சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் ஒப்பந்தக் கூலியாய் இருக்கிற வாலிபன், 20 வருஷத் தவணைக்கு எதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறான்?

அடுத்தபடியாக, மனை விஷயம். வில்லியனூரிலும் பாகூரிலும் நேற்று நெல் விளைந்த வயல், இன்று கல் நட்டு, கொடி கட்டி, “நகர்” என்று பேர் வைத்து மனையாகிவிடுகிறது. அதற்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பவன் குறைவு, “வாஸ்து சரியா?” என்று கேட்பவனே அதிகம். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரு நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டிற்று. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. வாசல் எந்தத் திக்கு என்று கேட்டு வீடு கட்டினவர்கள், தண்ணீர் எந்தத் திக்கிலிருந்து வரும் என்று கேட்கவில்லை. ஈசான்ய மூலையில் பூஜை அறை வைத்த வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. வைக்காத வீட்டிலும் புகுந்தது. மேட்டில் இருந்த வீடு தப்பிற்று. இதைவிடத் தெளிவாய் வாஸ்துவின் யோக்கியதையை யார் சொல்ல முடியும்?

ஆகையால் மனை பார்க்கப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்துக் கிழவியைக் கேளுங்கள். எந்த வருஷம் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றதென்று அவள் சொல்லுவாள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகிய நான்கையும் சொந்தத்தில் ஒரு வக்கீலைக் கொண்டு பாருங்கள். பாங்கி வக்கீல் பார்த்தாரே என்றால், அவர் பார்த்தது பாங்கியின் பணத்துக்காக. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாதென்று 2016-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

குடிபோகிற செலவையும் பாருங்கள். பூமி பூஜை, நிலைவாசல் பூஜை, கணபதி ஹோமம், வீட்டுக்குள் மாட்டை ஓட்டுவது, பந்திச் சாப்பாடு என்று மூன்று நான்கு தவணைப் பணம் ஒரே நாளில் புகையாகிப் போகிறது. “ஆடியில் குடிபோகாதே, மார்கழியில் குடிபோகாதே” என்கிறார்கள். நம் வாலிபர்கள் ஆடியிலேயே வீடு தேடட்டும். யாரும் வராத மாதத்தில் வீட்டுக்காரர் குடிக்கூலியையும் முன்பணத்தையும் குறைக்கச் சம்மதிப்பார்.

இனி, குடிக்கூலி வீட்டிலுள்ள உண்மையான இழிவுக்கு வருவோம். பிறருடைய வீட்டில் இருப்பது இழிவல்ல. “நீங்க என்ன ஆளுங்க?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார்களே, அதுதான் இழிவு. ஜாதி மறுத்துக் கலியாணம் செய்துகொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டே பலர் தகுதிக்கு மேல் கடன்பட்டு வீடு வாங்குகிறார்கள். ஆனால் வாங்கின வீடும் ஜாதித் தெருவிலேயே இருக்குமானால் என்ன தப்பித்தார்கள்? அரசாங்கம் மனது வைத்தால் வேறுவிதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி ஆட்சியில், மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் 1998-ல் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 இதரருக்கு என்று கலந்து கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரன் எந்த ஜாதி என்று பொறுக்கியெடுக்க அங்கு இடமில்லை. நம் கொம்யூன்களில் சர்க்கார் கட்டித் தரும் வீடுகளும், குடிக்கூலிக்கு விடும் வீடுகளும் அம்மாதிரி கலந்திருக்க வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, நம்மில் வீடுள்ளவர்கள் ஜாதி கேட்காமல் குடிவைப்பதென்று இன்றே முடிவு செய்ய வேண்டும். வீட்டை வைத்துக்கொண்டு ஜாதி கேட்கிறவன், மேடையில் நின்று ஜாதியை ஒழிப்பதாய்ப் பேசுவதற்கு லாயக்கற்றவன்.

கடைசியாய்த் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீடு வாங்குவதென்றால் முதலில் கழற்றுவது யாருடைய நகையை? பெண்ணுடையதை. பத்திரம் யார் பேரில்? ஆண் பேரில். இந்த அக்கிரமத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது சிரித்தார்கள். 2005-ம் வருஷத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையே திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப்போல் பங்கு உண்டென்று எழுத வேண்டியதாயிற்று. நம் புதுச்சேரியில் 1881-ம் வருஷ உத்தரவின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களுக்கு வாரிசு வழி வேறு. அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. ஆதலால் வாங்குகிற மனையில், விற்பவன் வீட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பத்திரத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். பேர் போடாத வீட்டுக்கு நகை கழற்றாதீர்கள். வரதட்சணைக்குப் பதில் மனை கேட்கிற மாப்பிள்ளையை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். புதிதாய்க் குடித்தனம் துவங்குகிறவர்கள் முதல் சில வருஷங்கள் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு, ரசீது வாங்கிக்கொண்டு, குடிக்கூலிக்கே இருங்கள். வித்தியாசப் பணத்தைச் சேருங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் சேர்ந்து, தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், ஆறு மாதம் வேலையில்லாவிட்டாலும் தவணை கட்டக்கூடிய பணம் தனியே இருந்து, பத்திரம் இருவர் பேரிலும் ஆகுமானால் வாங்குங்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பொறுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் புருஷன் பெண்சாதி இருவரும் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு என்ன சொல்லுகிறதோ அதன்படி செய்யுங்கள்.