வண்டி ஏன் கிளம்பவில்லை?

தில்லியின் தை மாதக் குளிர் எத்தகையது என்பதை அங்கு வாழும் தமிழர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஒருமுறை பொங்கலுக்கு ஊர் சென்று, மூன்று வாரம் தங்கித் திரும்பினோம். அந்த மூன்று வாரமும் எங்கள் கார் குடியிருப்பின் வாயிலில் பனியிலேயே நின்றிருந்தது. திரும்பிய மூன்றாம் நாள், எங்களுடன் சில மாதம் இருப்பதற்காக அம்மா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்க வேண்டும். அழைத்து வர விடியுமுன் புறப்பட்டோம். சாவியைத் திருப்பினோம், எஞ்சின் இரண்டு முறை முனகிற்று, பிறகு அடங்கிவிட்டது.

மூடுபனிக் காலத்தில் வழக்கமாகத் தாமதமாக வரும் ரயில், அன்று பார்த்து நேரத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் வாடகை வண்டி தேடிப் போய்ச் சேர்வதற்குள், எழுபத்திரண்டு வயதான அம்மா நூல் சேலையோடு பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் அமர்ந்திருந்தார்.

அன்று மாலை அண்டை வீட்டார் யோசனை கூற வந்தனர். “பெட்ரோல் பங்க்கை மாற்றுங்கள்” என்றார் ஒருவர். “உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள், தொட்டவுடன் கிளம்பும்” என்றார் மற்றொருவர். இரண்டையும் செய்தோம். கூடுதல் விலை கொடுத்து இரண்டு வாரம் ஓட்டினோம். மூன்றாம் வாரம் ஒரு குளிர்ந்த காலையில் வண்டி பழையபடியே முனகி நின்றது. அதன் பிறகுதான் ஆக்டேன் என்பது யாது என்று விசாரிக்கத் தொடங்கினோம். அறிந்துகொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. பழைய கார்களில் ஏழெட்டு மடங்கு நெருக்கினார்கள். இன்றைய கார்களில் பத்து மடங்கும் அதற்கு மேலும் நெருக்குகிறார்கள். உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தர, தீ சீராகப் பரவ வேண்டும். நெருக்கமும் வெப்பமும் மிகுந்தால், தீ வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல் ஒலி கேட்கும். இதையே மெக்கானிக்குகள் நாக்கிங் என்பர். நாளடைவில் இது பிஸ்டனைச் சிதைத்துவிடும்.

இவ்வாறு முந்திக்கொண்டு வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், ஹெப்டேன் என்ற திரவத்துக்குப் பூஜ்யம் என்றும் வைத்து இந்த அளவுகோலை வகுத்தனர். 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு அந்தப் பெட்ரோலும் பொறுக்கும் என்று பொருள். அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் அங்கே 87 ஆக்டேன்தான் என்று சொன்னால், அதைத் தாழ்ந்த சரக்கு என்று எண்ண வேண்டாம். அவர்கள் இருவகைச் சோதனைகளின் சராசரியைக் கூறுகிறார்கள். அங்குள்ள 87 ஏறக்குறைய நம் 91-க்குச் சமம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்டேன் பெட்ரோலின் பொறுமையைக் குறிப்பதேயன்றி அதன் வலிமையைக் குறிப்பதன்று. 91 போதும் என்று அமைத்த எஞ்சினுக்கு 100 ஊற்றினால் கூடுதல் பலம் வந்துவிடாது. டர்போ பொருத்திய சில எஞ்சின்களும், உயர் நெருக்கம் உள்ள சில எஞ்சின்களும் 95-ஐக் கேட்கும். அவற்றுக்குக் குறைந்த ஆக்டேன் கொடுத்தால், உள்ளிருக்கும் கணினி நாக்கிங்கை உணர்ந்து பொறி விழும் நேரத்தைப் பின்னே தள்ளும். அதனால் இழுவை குறையும். உங்கள் வண்டி எவ்வகை என்பதை அதனுடன் கொடுத்த கைநூலே கூறும்.

சரி, குளிரில் கிளம்புவதற்கும் ஆக்டேனுக்கும் என்ன தொடர்பு? சாதாரணமாக ஒன்றுமில்லை. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை; ஆவியாகிய பிறகே எரிகிறது. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகளும் உண்டு, 200 டிகிரி வரை சூடேறினால்தான் ஆவியாகும் பகுதிகளும் உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புபவை அந்த எளிய பகுதிகளே. அம்பாஸிடர், பத்மினி கார்களில் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்ததை நேயர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கலவையில் பெட்ரோலின் பங்கை அதிகப்படுத்தத்தான் அதை இழுத்தோம். இன்று அந்த வேலையைக் கணினி தானே செய்கிறது. தரத்துக்கு உட்பட்ட எந்தப் பெட்ரோலும் தில்லிக் குளிரில் போதிய அளவு ஆவியாகும். மூடிய டாங்கியில் மூன்று வாரம் நின்றதாலும் அது கெடுவதில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்று பெயர் சொல்லிப் பெட்ரோல் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1974-இல் எஸ்ஸோவும், 1976-இல் மற்ற இரண்டும் அரசின் கைக்கு வந்தன. இன்று பொதுத்துறை நிறுவனங்கள் மூன்றும் தமக்குள் பெட்ரோலைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. அடிப்படைச் சரக்கு ஒரே தரவிதிக்கு உட்பட்டது. சிறப்புப் பெயர்களில் விற்பவற்றில் ஆக்டேனும், எஞ்சினில் படியும் அழுக்கைத் தடுக்கும் சேர்க்கையும் வேறுபடலாம். அச்சேர்க்கையால் பயன் உண்டு. ஆனால் அது மாதக்கணக்கில் தெரியும் பயனேயன்றி, ஒரு குளிர்காலையில் தெரியும் பயன் அன்று.

எரிசாராயக் கலப்பு வேறு விஷயம். அண்மைக் காலத்தில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்க்கின்றனர். அந்தக் கலவைக்கு வகுத்த தரம் 95 ஆக்டேன். ஆனால் லிட்டர் ஒன்றுக்கு எத்தனாலின் வெப்பம் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இக்கலவைக்கென அமைக்காத பழைய கார்களில் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஆக்டேன் கூடியும் மைலேஜ் குறையலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம். எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் மிகுதியாகப் புகுந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அப்போது வண்டி கிளம்பாமற்போவது உண்மையிலேயே பெட்ரோலின் குற்றம்தான்.

இந்த இரண்டு குற்றங்களையும் எப்படிப் பிரித்தறிவது? காதே போதும். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சோம்பலாக முனகினாலோ, ‘டிக் டிக்’ என்று மட்டும் ஒலித்தாலோ, முதலில் பாட்டரியைப் பாருங்கள். எஞ்சின் விரைவாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பம்ப், அதன் பின் பெட்ரோல் என்று வரிசையாகச் சந்தேகிக்கலாம். பெட்ரோலில் ஐயம் எழுந்தால், பங்க்கில் வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்து காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் வண்டியோ முனகியது. குளிரில் பாட்டரியின் சக்தி குறைகிறது. எஞ்சின் எண்ணெயோ கெட்டிப்படுகிறது. கொடுப்பவன் தளர, கேட்பவன் அதிகம் கேட்கிறான். நின்ற வண்டியிலும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் சிறுகச் சிறுக மின்சாரத்தைக் குடிக்கின்றன. மெக்கானிக் அளந்து பார்த்தார். ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எங்களுடையது 12-ஐத் தாண்டவில்லை. அதற்கு வயது ஐந்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாட்டரியின் தளர்ச்சிக்கு நாங்கள் பெட்ரோலைப் பழித்தோம்.

புதிய பாட்டரி பொருத்திய பின், பழைய பங்க்கின் சாதாரணப் பெட்ரோலிலேயே வண்டி கிளம்பிற்று. ஆகவே நேயர்களே, ஊருக்கு நீண்ட நாள் செல்வதாயின், கைநூலைப் பார்த்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துச் செல்லுங்கள். பாட்டரிக்கு நான்கு ஆண்டு கடந்துவிட்டால், மார்கழி பிறக்குமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். கைநூல் கேட்கும் ஆக்டேனைக் கொடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசை மிச்சப்படுத்துங்கள்.

அடுத்த ஆண்டும் அம்மா அதே ரயிலில் வந்தார். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். இம்முறை கம்பளிச் சால்வையோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தவர்கள் நாங்கள்.