முதல் செலவு டயருக்கு



ஸ்போர்ட்ஸ் கூப்பே கார் வாங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு நமைச்சல் வந்துவிடும். வண்டி நன்றாகத்தான் ஓடும். காலையில் ஆபீசுக்குக் கொண்டுபோய் விடும், மாலையில் மளிகைச் சாமானோடு வீடு திரும்பும். ஆனாலும் உரிமையாளரின் கை சும்மா இருக்காது. இன்னும் கொஞ்சம் பிக்கப் வேண்டும், கொஞ்சம் சத்தம் வேண்டும். பட்டறைக்குப் போனால் அங்கே முதலில் காட்டுவது சைலன்சர், அடுத்து கூம்பு வடிவ ஏர் ஃபில்டர். இரண்டும் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருக்கும். என்னைக் கேட்டால், முதல் ஒரு வருஷத்துக்கு அந்த அலமாரிப் பக்கமே திரும்ப வேண்டாம் என்பேன்.

ஏன் என்று விளக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 2012-ல் வந்த டொயோட்டா 86. சுபாரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது; சுபாரு பிஆர்இசட் என்பது இதனுடன் பிறந்த இரட்டை. இரண்டும் ஜப்பானில் குன்மா மாகாணத்தின் ஓட்டா நகரில், சுபாருவின் ஆலையில் தயாரானவை. இந்தியாவில் டொயோட்டா இதை விற்கவில்லை. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விற்றது. அங்குள்ள நேயர்கள் சாலையில் பார்த்திருப்பீர்கள். தாழ்வான மூக்கு, இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட்.

இன்ஜின் 2 லிட்டர். நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7000 சுற்றில் 200 குதிரைத்திறன். எடை சுமார் 1250 கிலோ. சக்தி போவது பின் சக்கரங்களுக்கு. டர்போ கிடையாது. இன்றைய கணக்கில் 200 குதிரைத்திறன் பெரிய விஷயமில்லை, அதனால்தான் இதை வாங்கியவர்கள் உடனே இன்ஜின் மேல் கை வைக்கப் பார்க்கிறார்கள்.

இந்த வண்டி வந்தபோது பலர் முகம் சுளித்தது டயரைப் பார்த்து. மிஷெலின் பிரைமசி எச்பி, 215 மில்லிமீட்டர் அகலம். டொயோட்டாவின் பிரியஸ் கார்களில் சிலவற்றுக்குப் போட்ட அதே டயர். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் வண்டியின் டயரை ஸ்போர்ட்ஸ் காருக்கா மாட்டுவது என்று கேட்டார்கள். தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா தெரிந்தேதான் அப்படிச் செய்தார். அகலமான, சாலையை இறுகப் பிடிக்கும் டயரைப் போட்டால், வண்டியின் குணம் வெளியே தெரிய அசுர வேகத்தில் போக வேண்டியிருக்கும். சாதாரண டயர் என்றால், நிதானமான வேகத்திலேயே வளைவில் வண்டி லேசாக நழுவும். ஓட்டுபவருக்குக் கையிலும் முதுகிலும் சேதி வந்துவிடும். வேகத்தைவிட ஓட்டும் சுகம்தான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த நழுவல் காலியான மலைப்பாதையில் சுகம்; மழை நாளில், முன்னால் ஒரு லாரி திடீரென்று நிற்கும்போது சுகமில்லை. தினமும் ஓட்டும் வண்டி என்பதால் நான் லாரியின் பக்கம்தான் நிற்பேன். கம்பெனி டயர் தேய்ந்ததும் முதல் பணத்தை நல்ல டயருக்குப் போடுங்கள். அளவு அதே இருக்கட்டும், தரம் ஒரு படி மேலே போகட்டும். 2021-ல் வந்த இரண்டாம் தலைமுறை 86-ன் உயர் ரகங்களுக்கு டொயோட்டாவே மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 டயரைப் போட்டது. கம்பெனியே ஒரு படி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைக் கூட்டும் ஆசை வரும். 245 போட்டால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும்தான். ஆனால் ஏழங்குல ரிம்மில் அது சரியாக உட்காராது, ஸ்டீயரிங் கனக்கும், தண்ணீர் தேங்கிய சாலையில் மிதக்கும் அபாயம் கூடும். இருக்கிற 200 குதிரைத்திறனுக்கு அவ்வளவு பிடிப்பும் வீண். தாதா கொடுத்த சுகத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது எல்லா வண்டிக்காரர்களுக்கும் உதவும். 215/45 ஆர் 17 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம். ரிம்மின் விட்டம் 17 அங்குலம். அருகே ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. கடைக்காரர் தள்ளுபடி என்று சொல்லும்போது அந்த எண்ணைக் குனிந்து பாருங்கள். கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அடுத்தது பிரேக். பெரிய டிஸ்க், சிவப்புப் பெயின்ட் அடித்த பெரிய காலிப்பர் எல்லாம் இப்போது வேண்டாம். பிரேக் ஆயிலை மாற்றினால் போதும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1250 கிலோ வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது, அதன் இயக்கத்தில் இருக்கும் ஆற்றல் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒருமுறை பிரேக் பிடித்து வண்டியை நிறுத்தினால், அதில் பெரும்பங்கு சில விநாடிகளில் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்குகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தால் இந்தச் சூடு மெல்ல பிரேக் ஆயிலுக்கும் ஏறும்.

அந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம்: காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று குறித்த ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அதற்கு உள்ள வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அப்போது பெடல் பஞ்சாகித் தரை வரை போகும், வண்டி மட்டும் நிற்காது.

மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், இன்னொருவர் சக்கரத்தடியில். காலிப்பரின் முதுகில் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் கண்ணாடிபோல் தெரியும் ஒரு டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விடுவார்கள். கீழே இருப்பவர் ‘அமுக்கு’ என்பார். மேலே பெடல் இறங்கும். ‘பிடி’ என்று சொல்லி ஸ்பேனரால் கால் திருகு திறப்பார். பழுப்பேறிய ஆயில், இடையிடையே காற்றுக் குமிழிகளோடு டியூபில் ஓடும். மூடிய பிறகுதான் ‘விடு’ என்பார். முந்திக்கொண்டு காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே மேலே இருக்கும் டப்பாவில் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் தெளிந்த ஆயில் வரும்வரை இதே வேலை. ஒரு சொட்டு பெயின்ட்டில் பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். செலவு சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பெரும்பாலான வண்டிகளின் பிரேக் பெடல் இறுகிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பேடை மட்டும் ஒரு தரம் உயர்த்தலாம். ரேஸ் பேட் வேண்டாம்; அது சூடேறினால்தான் பிடிக்கும், காலை முதல் சிக்னலில் உங்களைக் கைவிடும்.

புது டயர் போட்ட கையோடு வீல் அலைன்மென்ட் பாருங்கள். 86-ன் முன்சக்கரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும்படி கம்பெனி விட்டிருக்கிறது. கேம்பர் போல்ட் என்று ஒன்று கிடைக்கும். அதை மாட்டி, சக்கரத்தின் மேற்பகுதியை ஒரு டிகிரி உட்பக்கம் சாய்த்தால் வளைவில் மூக்கு தயங்காமல் திரும்பும். டயரை வேகமாகத் தின்பது இந்தச் சாய்வு அல்ல, டோ எனப்படும் முன்பின் கோணம் தப்புவதுதான். அதில் கண்ணாக இருங்கள்.

ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதில்தான் மோகம். இதன் முன் சஸ்பென்ஷன் மேக்பர்சன் ஸ்ட்ரட் வகை. இந்த அமைப்பில் வண்டியைத் தாழ்த்தும்போது, அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். ஆக, வளைவில் சாய்வு குறையும் என்று நம்பிச் செய்தது சாய்வைக் கூட்டவும் செய்யலாம். கம்பெனியின் ஷாக் அப்சார்பர் கம்பெனி ஸ்பிரிங்குக்காக அளவெடுத்தது. மலிவான ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். காசு சேர்த்து இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், அல்லது தொடாதீர்கள்.

இப்போது அந்த அலமாரிக்கு வருவோம். கம்பெனியின் ஏர் ஃபில்டர் பெட்டி, வண்டியின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டினால், பானட்டுக்கு அடியில் இருக்கும் சூடான காற்றைத்தான் இன்ஜின் குடிக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. உறிஞ்சும் சத்தம் கூடுவதால் சக்தியும் கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்தச் சத்தத்தைக் காருக்குள் கொண்டுவர 86-ல் கம்பெனியே ஒரு தனிக் குழாய் வைத்திருக்கிறது! பின் சைலன்சரை மாற்றினால் சத்தம் மாறும், கொஞ்சம் எடை குறையும். சக்தியில் பெரிய வித்தியாசம் இருக்காது.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் தலைமுறை 86-ஐ ஓட்டியவர்களுக்குத் தெரியும்: சுமார் 3500 சுற்றைத் தொட்டதும் இழுவை தளரும், 4500 வாக்கில்தான் மீண்டும் பிடிக்கும். நகரத்தில் முந்திச் செல்லும் நேரத்தில் இன்ஜின் இருப்பது அநேகமாக இந்தப் பள்ளத்தில்தான். சிலிண்டரிலிருந்து புகையை வெளியேற்றும் ஹெடர் குழாய்களை மாற்றி, அதற்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டரையும் டியூன் செய்தால் பள்ளம் பெருமளவு நிரம்பும். சக்திக்காகச் செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள். ஒரு எச்சரிக்கை: கம்பெனி ஹெடருக்குள்தான் முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது இல்லாத ஹெடர் மலிவாகக் கிடைக்கும், புகைப் பரிசோதனையில் மாட்டிவிடும்.

அதற்கும் முன்னால் பெட்ரோலைச் சரிபாருங்கள். இந்த இன்ஜினின் அழுத்த விகிதம் 12.5-க்கு 1. அதிக ஆக்டேன் பெட்ரோலுக்காகவே செய்தது. மட்டமான பெட்ரோல் போட்டால் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், அதைத் தடுக்கக் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், சக்தி குறையும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, போன சக்தியைத் தேடிப் பட்டறைக்குப் போகிறவர்களும் உண்டு.

டர்போ பற்றிக் கேட்பீர்கள். தினமும் ஆபீசுக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம். அவ்வளவு பணம் இருந்தால் 2.4 லிட்டர் இன்ஜினோடு வந்த இரண்டாம் தலைமுறை வண்டியையே வாங்கிவிடலாம். அதில் அந்த இழுவைப் பள்ளத்தைக் கம்பெனியே தூர்த்துவிட்டது.

மிச்சப் பணம் இருந்தால் ஓட்டுபவருக்குச் செலவு செய்யுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்திலும் பந்தயத் தளங்கள் உள்ளன. அங்கே பயிற்சி எடுத்தவருக்கு எங்கே பிரேக் பிடிப்பது, எப்போது விடுவது என்பது பிடிபட்டுவிடும். எந்தக் கார் வைத்திருந்தாலும் இது பலிக்கும்.

கடைசியாகச் சட்டம். ஜப்பானில் புது வண்டிக்கு மூன்று வருஷத்திலும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை; தரைக்கும் வண்டிக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை ஆல்ட்ரேஷன் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. ஆகவே எதை மாற்றுவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய கம்பெனிப் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.