தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

பட்டம் வாங்கப்போகும் என் பிள்ளைகளே, என்னைப் பற்றி அறிமுகவுரையில் சொன்னதே அதிகம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இப்போதுதான் வந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. பாகூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்லூரி நடந்தது. வித்யாஸ்தானம் என்று அதற்குப் பெயர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், நிலைதாங்கி என்ற சிற்றரசன் அரசனிடம் கேட்டு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை அதற்கு எழுதிவைத்தான். அந்தக் கொடையின் சாசனம் ஐந்து செப்பேடுகள், ஒரு வளையம், காளை பொறித்த முத்திரை. அவை 1879இல் கிடைத்தன, பிறகு பாரிசுக்குப் போயின. ஊர்ப் பெயர் அதில் வாகூர் என்று இருக்கிறது.

நான் டாகூர் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் எங்களைப் பாகூர் மூலநாதர் கோயிலுக்கு அழைத்துவந்து கல்வெட்டைப் படியெடுக்கக் கற்றுக்கொடுத்தார். என் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்த நாள் அது. முதலில் கல்லை நார்த் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். பிறகு கனத்த தூரிகையால் சீராகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் தாள் கிழியும், மெதுவாகத் தட்டினால் எழுத்து விழாது. அரைகுறை ஈரத்தில் இருக்கும்போதே மையை ஒற்றினால் கருப்புத் தாளில் வெள்ளை எழுத்து தெரியும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இந்த வேலைக்கு அவசரக்காரன் ஆகமாட்டான். இதைச் செய்துதான் நான் வயிறு வளர்த்தேன், குடும்பம் நடத்தினேன். இன்றும் ஒரு நல்ல மைப்படியைக் கண்டால் அங்கிருந்து நகர எனக்கு மனம் வராது.

அப்படி வாசித்த கல்வெட்டுகளில் கல்விக்கூடங்கள் பற்றியவற்றைத்தான் நான் விடாமல் பின்தொடர்ந்தேன். மண்ணாடிப்பட்டு கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியில் உள்ள திரிபுவனைக்குப் போயிருப்பீர்கள். முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 1048இல், அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 12,000 கலம் நெல் வரும்படி. ஆசிரியரும் மாணவரும் படிப்பைக் கவனிக்கட்டும் என்று, ஊர் வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து அவர்களுக்கு விலக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊரின் கல்லூரியில் 270 இளையவர், 70 மூத்தவர், 14 ஆசிரியர். இளையவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இன்றைய பல்கலைக்கழக நிதிக்குழுக்கள் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்குத் துல்லியமான கணக்கு.

அந்த 72 வேலியிலும் நாற்று நட்டது யார்? களை பறித்தது யார்? கதிர் அறுத்து, தூற்றி, மூட்டை கட்டி, தலையில் சுமந்து அந்த 12,000 கலத்தைக் கொண்டுவந்து அளந்தது யார்? அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன்கூட அந்த 260 பேரில் இல்லை. வேதம் ஓதும் உரிமை யாருக்கு என்பது ஊர்ச் சபை கூடுவதற்கு முன்பே முடிவான விஷயம். அதனால் சபை நாழியையும் குறுணியையும் மட்டும் பேசியது. பாகூர்ச் செப்பேட்டில் அத்தனை அழகாக எழுத்து வெட்டியவர் பொற்கொல்லர் குலத்தவர். அவர் கை வெட்டிய சாசனம் நடத்திய கல்விக்கூடத்தில் அவருக்கும் இடம் கிடையாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பெருமைப்படத்தக்கதுதான். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தேர்தலில் நிற்கவிடாத அந்த விதியை இன்றைய நம் மன்றங்களிலும் வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் முழுக் கல்வெட்டையும் வாசிக்க வேண்டும். கால் வேலி இறை நிலம் சொந்தமாக இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், மந்திர பிராமணம் ஓதியிருக்க வேண்டும். அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் விழவே விழாது என்று ஓலை எழுதுவதற்கு முன்பே தெரியும்.

பிள்ளைகளே, இத்தனை வருஷம் பழைய எழுத்துகளோடு கழித்தவன் சொல்கிறேன். ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தும் வேலை பெரும்பாலும் கூச்சலோடு நடப்பதில்லை. தேதி போட்டு, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி, கீழே கையெழுத்து வாங்கி நடக்கிறது.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு ரீஜன்ட்ஸ் என்ற ஆட்சிக்குழு உண்டு. 1945இல் அந்தக் குழு கூடி, கறுப்பினத்தவர் எவரையும் மாணவராகச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழகத் தலைவருக்கு அறிவுறுத்தி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. 1946 ஜனவரியில் ஏடா லோயிஸ் சிப்புவல் என்ற இளம்பெண் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தார். மதிப்பெண்ணில் குறை இல்லை, சான்றிதழில் குறை இல்லை. பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் லின் கிராஸ் ஒரு நல்ல காரியம் செய்தார். வேறு தகுதிகள் எல்லாம் இருக்கின்றன, நிறம் ஒன்றே மறுப்புக்குக் காரணம் என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். குழுவின் தீர்மானத்தை அவரால் மீற முடியவில்லை. ஆனால் அந்தப் பெண் நீதிமன்றம் போவதற்கு வேண்டிய ஆவணம் அந்தக் கடிதம்தான். பதவியில் இருக்கும் ஒருவர் உண்மைக் காரணத்தை மறைக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

அவருக்காக வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதாடினார். 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மற்றவர்களுக்குத் தருகிற அதே சட்டக் கல்வியை அவருக்கும் மாநிலம் தந்தாக வேண்டும் என்றது. மாநில அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சில நாட்களுக்குள் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் சில அறைகளை ஒதுக்கி, அவருக்காகவே ஒரு தனிச் சட்டக் கல்லூரி திறந்தார்கள். அந்தப் பெண் அதில் சேர மறுத்தார். 1949இல்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார், பிறகு பட்டம் பெற்றார்.

அதே பல்கலைக்கழகத்தில் மெக்லாரின் என்ற ஆசிரியர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அவரையும் நீதிமன்றம் சொல்லித்தான் சேர்த்தார்கள். வகுப்பறையை ஒட்டிய முன்னறையில் அவருக்கு ஒரு மேசை. நூலகத்தில் எல்லோரும் வாசிக்கும் கூடத்தில் உட்காரக் கூடாது, இடைமாடியில் ஒரு மேசை. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். சில காலம் அவர் இருக்கையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வைத்து, கறுப்பருக்கு ஒதுக்கப்பட்டது என்று பலகை மாட்டினார்கள். படித்தவர்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எந்த நாற்காலி எங்கே என்று விவாதித்து முடிவு செய்த ஏற்பாடு இது! சக மாணவரோடு பேசவும் கருத்துப் பரிமாறவும் முடியாதவனுக்குப் படிப்பே ஊனமாகிறது என்று 1950 ஜூன் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்.

நம்மிடம் இதெல்லாம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளியில் தரையில் உட்காரவைத்தார்கள். எல்லோருக்கும் சம ஆசனம் என்று 1930 வாக்கில் அரசாங்கம் உத்தரவிட்டபோது சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். சென்னைப் பச்சையப்பன் கல்லூரி 1842இல் தொடங்கிய அறக்கட்டளைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஆதிதிராவிட மாணவர் அதில் நுழைய 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்பத்தைந்து வருஷம்! அத்தனை வருஷமும் அறங்காவலர்கள் கூடினார்கள், வரவு செலவு பார்த்தார்கள், கலைந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1880இல் பிரெஞ்சு அரசு இந்தியப் பகுதிகளில் பத்து கொம்யூன்களை ஏற்படுத்தியது. புதுச்சேரிப் பகுதியில் நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கம் வேறு. ஆனால் 1884இல் வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியர் எல்லோருக்கும் ஒன்று. சபை இடங்களைத் தலை எண்ணிப் பிரிக்கவில்லை, பட்டியல் பார்த்துப் பிரித்தார்கள். கைப்பிடி அளவு இருந்தவர்களுக்குச் சபையில் கைகொள்ளாத இடம் கிடைத்தது.

ஓய்வுக்குப் பிறகு நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் உறுப்பினராக இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஒருமுறை, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, மேசையில் வைக்கப்பட்ட கூடுதல் பொருள்களில் ஒன்று: கட்டண நிலுவை உள்ளவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு வழங்குவதில்லை. படிக்கையில் நியாயமாகத்தான் இருந்தது. நிறைவேறியது என்று பதிவாளர் எழுதப்போகும் நேரத்தில் ஓர் அம்மா, கணிதப் பேராசிரியர், கேட்டார்: "நிலுவை வைத்திருப்பவர்கள் யார் யார்? பட்டியல் இருக்கிறதா?" பட்டியல் வந்தது. பெரும்பாலானோர் அரசு உதவித்தொகை வந்து சேராத பட்டியல் சாதி மாணவர்கள். 1944 முதல் இந்த நாட்டில் நடந்துவரும் திட்டம் அது. பணம் தாமதமானதில் பிள்ளைகளின் தவறு எதுவும் இல்லை. அந்தப் பொருள் திரும்பப் பெறப்பட்டது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் அந்தப் பருவத் தேர்வை எழுதாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்! அந்த அறையில் யாருக்கும் அவர்கள்மேல் வெறுப்பு இல்லை என்று சத்தியம் செய்து சொல்வேன். வெறுப்பு இல்லாமலே அது நடந்திருக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்களில் சுமார் 16 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் போகும் எந்தக் கூட்டத்திலும் மேசையைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். பெண்களையும் எண்ணுங்கள். நாற்று நடும் குடும்பத்திலிருந்து வந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 1968க்குப் பிறகு 2006இல்தான் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. பாகூர் ஏரித் தண்ணீரைப் பற்றியும் வில்லியனூர்த் தெருவிளக்கைப் பற்றியும் முடிவெடுக்க நீங்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் ஏரிக்கென்றே வாரியம் வைத்து ஆண்டுதோறும் ஆள் மாற்றிய தமிழ் மண்ணில் இது தலைகுனிவு. உரத்துக் கேளுங்கள், உங்கள் தலைமுறைதான் கேட்க வேண்டும்.

ஏடா சிப்புவலின் கதையில் ஒரு பாதியை நிறுத்தி வைத்திருந்தேன். 1992இல் ஓக்லஹோமா ஆளுநர் அவரை அதே ரீஜன்ட்ஸ் குழுவின் உறுப்பினராக நியமித்தார். எந்தக் குழு அவரை உள்ளே விடாதே என்று தீர்மானம் எழுதியதோ, அதே குழுவில் உட்கார்ந்து தீர்மானங்களில் தன் வாக்கைப் பதிவு செய்தார்.

உங்களில் பலர் ஆசிரியராவீர்கள், சிலர் அலுவலராவீர்கள், பெற்றோராவீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு இருக்க வேண்டும். அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். கையெழுத்துக்கு நோட்டை நீட்டினால் முதலில் படித்துப் பாருங்கள். இந்தத் தீர்மானத்தால் யாருக்கு என்ன ஆகும், பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.