நமது நூலகக் கணினியும் கோஹாவும்

(நூலக உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நூலகத்துல கம்ப்யூட்டர் போட்டாச்சாமே, இனிமே எல்லாத்தையும் போன்லயே பார்க்கலாமாமே" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு உங்கள் உதவி வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பழைய கதை சிலருக்குத் தெரியும். முன்பு ஒரு மென்பொருளை விலை கொடுத்து வாங்கினோம். வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் வேறு. ஒரு வருடம் கட்டணம் கட்டத் தாமதமாயிற்று, மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. புத்தகங்கள் நம்முடையவை. பட்டியலைத் தட்டச்சு செய்தவர்கள் நம் பிள்ளைகள். ஆனால் அந்தப் பட்டியலை வெளியே எடுக்க நமக்கு வழி இல்லை. பணம் போனதைவிட, வக்ஃபு செய்யப்பட்ட நூல்களின் கணக்கு அடுத்தவர் பூட்டுக்குள் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. மறுபடி பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டினோம்.

இந்த முறை தேர்ந்தெடுத்தது கோஹா. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற பகுதியின் நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதப்பட்டது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை. கிளை நூலகங்களைச் சாதாரணத் தொலைபேசி இணைப்பில் சேர்க்க வேண்டும், பெரிய தொகைக்கும் வழியில்லை. அதனால் புதிதாக எழுதச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. பிறகு, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. நாம் ஹதியா என்கிறோமே, அதுதான்.

நிறுவுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆர்வமுள்ள தம்பிகள் பிறகு தனியாக வந்து கேளுங்கள். கோஹா விண்டோஸில் ஓடாது. நன்கொடையாக வந்த ஒரு கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டோம். அதுவும் இலவசம். மரியாடிபி என்ற தரவுத்தளத்தையும் கோஹா-காமன் என்ற தொகுப்பையும் நிறுவினால், கூடத் தேவைப்படுவதையெல்லாம் அதுவே இழுத்து வந்துவிடும். பிறகு கோஹா-கிரியேட் என்ற கட்டளை கொடுத்து நம் நூலகத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். வாசகருக்கு ஒரு வாசல், பணியாளருக்கு வழக்கமாக 8080 என்ற எண்ணில் இன்னொரு வாசல். இரண்டாவது வாசலை இணையத்துக்குத் திறக்கவே கூடாது, நூலகத்துக்குள் மட்டும் போதும். நூல் விவரங்களுக்கு மார்க் 21 என்ற முறையைத் தேர்ந்தோம். அதை ஆரம்பத்திலேயே சரியாகத் தேர்ந்துவிட வேண்டும், பிற்பாடு மாற்றுவது பெரும்பாடு.

எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் "தொழுகை" என்று தமிழில் தேடினால் ஒன்றும் வரவில்லை! புத்தகம் அலமாரியில் கண்ணெதிரே இருக்கிறது. தேடலுக்கு அட்டவணை போடும் ஸீப்ரா என்ற பகுதி, இயல்பாக ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. அதை ஐசியு என்ற முறைக்கு மாற்றி, முழு அட்டவணையையும் மறுபடி உருவாக்கிய பிறகுதான் தமிழ் வந்தது. தமிழ் நூலகம் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது நம் பெயர்கள். முஹம்மது, முகமது, முஹம்மத், முகம்மது. ஒரே ஆசிரியர், நான்கு புத்தகத்தில் நான்கு எழுத்து. ஹதீஸ் என்பதை நம் பாட்டனார் காலத்து நூல்களில் ஹதீது என்று அச்சிட்டிருப்பார்கள். ஆசிரியர் பெயருக்கு ஒரு மூலப் பதிவு போட்டு, மற்ற எழுத்துகளை அதனுடன் இணைத்து வைக்கும் வசதி கோஹாவில் உண்டு. எந்த எழுத்தில் தேடினாலும் வந்துவிடும். ஆனால் எது எதோடு சேரும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மதரஸாவில் ஓதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வகைப்பாட்டிலும் ஒரு சங்கடம். உலகெங்கும் புழங்கும் டியூயி முறையில் இஸ்லாம் முழுவதற்கும் 297 என்ற ஒரே எண். பொது நூலகத்துக்கு அது ஒரு தட்டு. நமக்கோ பாதி நூலகமே 297தான். ஆகவே உள்பிரிவுகளை விரித்துப் போட்டிருக்கிறோம்: குர்ஆன் 297.122, நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு 297.63 என்று. அரபுத்தமிழ் கிதாபுகளுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணும் கிடையாது, வெளிநாட்டு நூலகங்களிலிருந்து விவரத்தை இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தலைப்பை அரபு எழுத்தில் ஒரு முறை, தமிழ் எழுத்தில் ஒரு முறை பதிய வேண்டும்.

தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதை எல்லாரும் பார்க்க முடியுமா? முடியாது. புத்தகம் வெளியே இருக்கும்வரை பணியாளருக்கு மட்டும் தெரியும். திரும்பி வந்ததும் அந்தத் தொடர்பை அழித்துவிடும்படி அமைக்கலாம், அப்படியே அமைத்திருக்கிறோம். ஒரு பிள்ளை என்ன நோய் பற்றிய நூலை எடுத்துப் படித்தாள் என்பது அமானிதம். நிர்வாகிகள் கேட்டாலும் எடுத்துக் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோஹா தினமும் தானே ஒரு நகல் எடுத்து வைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு நகலும் இல்லை. நகல் எடுப்பது அதிகாலையில். நாமோ இஷாவுக்குப் பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். நேரத்தை மாற்றிவிட்டேன், இப்போது அஸருக்குப் பின் எடுக்கிறது. அதுவும் அதே கணினியில்தான் இருக்கும், சில நாளில் பழையது அழிந்துவிடும். எனவே ஜும்ஆ நாளன்று ஒருவர் பென்டிரைவில் எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் நல்லது. பெயர் கொடுங்கள்.

பார்கோடு ஒட்டும் வேலை ஞாயிறு லுஹருக்குப் பிறகு நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வரலாம், பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. வீட்டுப் பரணில் பழைய கிதாபு இருந்தால், கொடுக்க மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள். விவரத்தை மட்டும் பதிந்துகொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம். எழுத்து மங்கி, தலைப்புப் பக்கம் போயிருந்தாலும் கொண்டு வாருங்கள், ஹஜ்ரத் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.